தவக்காலத்தில் கொரியப் பாட்டு

கொரியப் பெண்களின் பாட்டுக் குழுக்களைப் புதிதாக ஒருவருக்கு அறிமுகப்படுத்த ஒரு வரிசை உண்டு என்று இருபது வயதில் நான் திடமாக நம்பினேன். எடுத்த எடுப்பில் ஆட்டத்தைக் காட்டக் கூடாது. காட்டினால் சிரிப்பார்கள். முதலில் மானிட்டரை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்க விட வேண்டும். அதுவும் மெதுவான பாட்டாக இருக்க வேண்டும். குரல் மனதில் நின்ற பிறகுதான் முகம். முகம் பழகிய பிறகுதான் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேள்வி பதிலாக வேதம் சொல்லித்தரும் மறைக்கல்வி எடுத்துக்கொண்டிருந்தேன், அந்தப் பழக்கம் இதிலும் வந்துவிட்டது. "இந்தக் குழுவில் எத்தனை பேர்?" என்று கேட்பேன். "ஐந்து பேர்" என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த பாட்டு கிடையாது.

அப்போது நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டு முடியப்போகிற சமயம். அண்ணன் சென்னைக்குப் பக்கத்தில் கொரியாக்காரர்கள் நடத்திய ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அங்கிருந்து ஊர் திரும்பிய ஓர் அதிகாரி தன் மேஜையைக் காலி செய்யும்போது அவனிடம் ஒரு டிவிடியைக் கொடுத்தார். அண்ணனுக்கு அதில் அக்கறை இல்லை, என்னிடம் தள்ளிவிட்டான். உள்ளே ஐம்பது பாட்டுக்கு மேல் இருந்தது, எல்லாம் பெண்கள் பாடி ஆடியவை. ஐந்து பேர் குழு ஒன்று, ஒன்பது பேர் குழு ஒன்று, தனியாகப் பாடுகிற ஒருத்தி.

பெயர்கள் கொரிய எழுத்தில் இருந்ததால் எங்கள் கம்ப்யூட்டரில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அதனால் நானே பெயர் வைத்தேன். கட்டை முடி, டீச்சர், சிடுமூஞ்சி, கடைக்குட்டி, அப்பாவி. வகுப்புத் தோழிகள் மூன்று பேரை வீட்டுக்கு அழைத்துவந்து காட்டினேன். "எல்லாம் ஒரே மூஞ்சியா இருக்காளுகளேடி" என்றாள் ஒருத்தி. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இன்னொருத்தி முதல் பாட்டிலேயே தூங்கிப்போனாள். மூன்றாமவள் எங்கள் வீட்டு முறுக்குக்காக வந்தவள்.

கடைசியில் எனக்குக் கிடைத்த உருப்படியான மாணவி எனக்குத் தங்கச்சி முறையான சித்தி மகள்தான். கன்னிவாடிக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் சித்தப்பாவுக்குக் கத்தரியும் தக்காளியும் விளைகிற தோட்டம் இருந்தது. அவள் பத்தாவதில் நல்ல மதிப்பெண் எடுத்து, நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதற்கு வேண்டிய பாடப்பிரிவு திண்டுக்கல்லில் கிடைத்தது. அப்படித்தான் ப்ளஸ் ஒன் படிக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளைக் கொண்டுவந்து விட்ட அன்று சித்தப்பா அம்மாவிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"வயசுப் புள்ள மதினி. இவளப் பத்தி ஒரே ஒரு சொல்லு வந்தாலும் அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன். படிப்பு கிடிப்பெல்லாம் அப்புறந்தான்."

அவர் வெறும் வாய்ச்சொல்லுக்குப் பேசுகிற ஆள் இல்லை. அது அவளுக்கும் தெரியும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு தட்டுக்கூடச் சத்தம் வராமல் வைப்பாள்.

ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவாள். என் வரிசையெல்லாம் அவளுக்கு ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. ஒன்பது பேரையும் குரலை வைத்தே சொன்னாள். நான் இரண்டு மாதமாகப் பார்த்தும் கவனிக்காத ஒன்றை அவள்தான் காட்டினாள்.

"அக்கா, பாரேன். யாரு முறை வருதோ அவ முன்னாடி வாரா. மத்தவளுக இடிக்காம ஒதுங்கிக்கிறாளுக. ஒருத்திகூட முந்தலை."

அதற்கப்புறம் அந்தக் காட்சிகளை நானும் அப்படித்தான் பார்த்தேன். மாலையில் பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் எங்கள் இருவருக்கும் அதுதான் வேலை. அவள் கதவைச் சாத்திவிட்டு, பள்ளிச் சீருடையோடு கட்டை முடியின் ஆட்டத்தை அப்படியே ஆடிக் காட்டுவாள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

விபூதிப் புதன் வந்தது, தவக்காலம் தொடங்கியது. எங்கள் வீட்டில் ஈஸ்டர் வரை அந்த நாற்பது நாளும் சினிமாப் பாட்டு கிடையாது, கறி கிடையாது, பூ கிடையாது. டிவி மேல் அம்மா ஒரு பழைய சேலையைப் போட்டு மூடிவிடுவாள். கம்ப்யூட்டர் படிப்புக்கு உள்ளது என்பதால் அதை மூடவில்லை. நானும் பேசாமல் இருந்திருக்கலாம். நாற்பது நாள் பொறுக்க முடியாத அளவுக்கு எனக்குப் பித்துப் பிடித்திருந்தது. சத்தத்தைக் குறைத்து, மெதுவான பாட்டுகளை மட்டும் வைத்தோம்.

ஒருநாள் அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசலில் நின்றாள். மானிட்டர் அணைந்திருந்தது.

"எம்புட்டு உருக்கமாப் பாடுறாளுக. சாமிப் பாட்டுத்தான?"

அந்தக் கொரிய அதிகாரி ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் என்று அண்ணன் எப்போதோ போனில் சொல்லியிருந்தான். அதை வைத்து அம்மாவாகவே முடிவுக்கு வந்துவிட்டாள். நான் செய்ததெல்லாம் "ஆமாம்மா" என்றதுதான். அப்போது அது பெரிய பொய்யாகத் தெரியவில்லை. தங்கச்சிக்குத்தான் முகம் வெளிறியது.

"அக்கா, பெரியம்மாட்ட உண்மையச் சொல்லிருவோம்க்கா. எனக்குப் பயமா இருக்கு."

"ஈஸ்டர் வரைக்கும் வாயத் தொறக்காம இரு. அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அம்மாவுக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் நான்கு பேரிடம் சொல்லாமல் இருக்க மாட்டாள். எங்கள் தெருவில் பதினைந்து இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் அன்பியம். வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். தவக்காலத்தின் நான்காவது வாரம் எங்கள் வீட்டு முறை. அன்றைக்கென்று பார்த்து சித்தப்பாவும் வந்திருந்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளியைப் போட்டுவிட்டு, மகளைப் பார்க்கலாம் என்று ஒரு பை கத்தரிக்காயோடு வந்தவரை அம்மா ஜெபத்துக்கு இருக்கச் சொல்லிவிட்டாள்.

அன்பியத்தின் தலைவி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. திருச்சியில் ஆசிரியர் வேலையில் இருந்த ஒரு பையனுக்கு என்னைப் பெண் பார்க்கச் சொல்லியிருந்தார். அதனால் அவர் வந்தாலே அம்மா என்னை முகம் கழுவி வரச் சொல்வாள். அன்றும் கழுவிக்கொண்டு, தலை சீவி, முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஜெபமாலை முடிந்தது. மன்றாட்டுகள் முடிந்தன. சுண்டலை எடுத்துவரப் போன அம்மா பாதியில் திரும்பினாள்.

"கொரியா நாட்டுச் சாமிப் பாட்டு ஒண்ணு நம்ம வீட்ல இருக்கு. கேட்டா கண்ணுல தண்ணி வந்துரும். ஏத்தா, நீ போடு."

கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தங்கச்சி. அவள் என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கர் ரிப்பேர் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். எனக்கு அது தோன்றவே இல்லை. மானிட்டரைப் போடாதே என்று கண்ணால் காட்டினேன். என் பாடத்தில் முதல் படி அதுதானே. அவளுக்குப் புரிந்தது. திரையைப் போட்டுப் பாட்டைத் தேடி எடுத்தவள், ஓடவிட்ட உடனே அணைத்துவிட்டாள். சாமிப் பாட்டு என்றதும் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டதால் யாரும் பார்க்கவில்லை.

அந்த மெதுவான பாட்டு தொடங்கியது. காதலன் விட்டுப் போனதற்கு அழுகிற பாட்டு என்று படத்தைப் பார்த்த எங்களுக்குத் தெரியும். பதினெட்டு பேர் பாயில் உட்கார்ந்து கை கூப்பிக் கேட்டார்கள். எதிர்வீட்டு அக்கா நிஜமாகவே கண்ணைத் துடைத்தார். முடியும்போது ஒருவர் "ஆமென்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த பாட்டு தானாக ஓடத் தொடங்கியது. ஒன்பது பேர் பாடுகிற குத்துப் பாட்டு.

"இது சந்தோஷமா இருக்கே. படமும் இருக்குமே, பாப்போம்" என்று எதிர்வீட்டு அக்கா எட்டி மானிட்டர் பொத்தானை அழுத்தினார்.

அரைக்கால் சட்டை போட்ட ஒன்பது பெண்கள் இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி பதறி மவுசைத் தேடிப் பிடித்து நிறுத்துவதற்குள் கால் நிமிடமாவது ஓடியிருக்கும். தலைவி ஜெபமாலையை மெதுவாகப் பைக்குள் வைத்தார். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

"என்ன இது? யாரு வேலை இது?" என்றாள் அம்மா.

தலைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத்தான் நான் பார்த்தேன், வேறு எதையும் பார்க்கவில்லை. திருச்சிப் பையனை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அந்த வரன் போய்விடும், தெருவில் பேசுவார்கள், மறைக்கல்வி எடுக்கிற பெண்ணா இப்படி என்பார்கள் என்று எல்லாம் ஒரே நொடியில் ஓடியது. வாய் தானாகப் பேசியது.

"அண்ணன் குடுத்தது சாமிப் பாட்டுத்தாம்மா. இதெல்லாம் அவ பள்ளிக்கூடத்துப் புள்ளைகட்ட வாங்கிப் போட்டது. எனக்குத் தெரியாது."

இவ்வளவு கோர்வையாக எனக்குப் பொய் வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் சித்தப்பாவைப் பார்த்தாள். நான் சொன்னது பொய் என்று அவள் சொல்லியிருக்கலாம். யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தாளோ, அக்காவைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்தாளோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஆமா பெரியம்மா. நாந்தான்" என்றாள்.

சித்தப்பா எழுந்தார். சத்தம் போடவில்லை. "துணிமணிய எடுத்து வை. காலைல மொத பஸ்ஸு" என்றார்.

எல்லாரும் போன பிறகு அப்பா மட்டும் பேசிப் பார்த்தார். "முழுப் பரீட்சைக்கு மூணு வாரந்தான் இருக்கு. அத மட்டும் எழுதட்டுமேப்பா. இல்லாட்டி ஒரு வருசம் வீணாப் போகும்."

"நாலு பேரு சாமி கும்புட்ட எடத்துல தலை குனிய வச்சுட்டா அண்ணே. இனிமே என்ன பரீட்சை" என்றார் சித்தப்பா.

அறையில் அவள் புத்தகங்களை ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். விலங்கியல் புத்தகத்தை எடுத்தவள் அதை உள்ளே வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன்க்கா. இப்பவும் நேரமிருக்கு."

"சொல்றேன். சத்தியமாச் சொல்றேன். இந்தக் கோபம் தணியட்டும். ஈஸ்டர் முடிஞ்சு நானே ஊருக்கு வந்து சித்தப்பாட்டச் சொல்றேன்."

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். காலையில் அவர்கள் கிளம்பும்போது நான் தூங்குவதுபோலப் படுத்திருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு முன்னால், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன். யாரிடம், எதற்கு, அதனால் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார் சாமியார். முழங்காலில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதே வாரத்தில் அவள் பள்ளியில் பரீட்சை தொடங்கியிருந்தது. திருச்சிக்காரர்கள் உள்ளூரிலேயே பெண் எடுத்துவிட்டதாகத் தலைவி சொல்லி அனுப்பினார். அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் எதற்காக அவளைப் பலி கொடுத்தேனோ அது ஒன்றுமே இல்லாமல் போனதை நினைத்து அவமானமாக இருந்தது.

மே மாதம் அம்மாவோடு கன்னிவாடிக்குப் போனேன். பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது. மறுபடி ப்ளஸ் ஒன்னில் சேர்த்துவிட்டால் ஒரு வருடம்தான் நஷ்டம், நர்சிங் கைவிட்டுப் போகாது. சொல்ல வேண்டியதை பஸ்ஸில் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'சித்தப்பா, அது என்னோடது. அவ மேல தப்பில்லை.' அவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியதில்லை.

அவள் கறுத்து மெலிந்திருந்தாள். தோட்டத்தில் தக்காளி பொறுக்கிவிட்டு வந்த கை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். சொன்னபடி நான் வந்துவிட்டேன் என்பதற்கான சிரிப்பு அது.

மதியம் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கும் இலை போட்டார்கள். அவள்தான் பரிமாறினாள். கத்தரிக்காய் வெஞ்சனத்தை வைத்துவிட்டு, சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் தூக்குச்சட்டியோடு நின்றாள். அவள் எதற்காக நிற்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சித்தப்பாவே பேச்சை எடுத்தார். "கேட்ட ஒடனே ஒத்துக்கிட்டா பாரு, அதனாலதான் கை வைக்காம விட்டேன். உன்னைய மாதிரி இருக்கணும்னு தெனமும் சொல்றேன்."

பஸ்ஸில் தயார் செய்த அந்த வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்தன. எதிரில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் வேறொன்றைச் சொன்னேன்.

"ஏதோ சின்னப் புள்ள சித்தப்பா, தெரியாமச் செஞ்சுட்டா. மன்னிச்சு இந்த ஜூன்ல திரும்ப அனுப்பி வைங்க. நான் பாத்துக்கிறேன்."

சித்தப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"உனக்கு அம்புட்டுப் பெரிய மனசும்மா. உன் பேரையே கெடுக்கப் பாத்தா, அவளுக்கே பரிஞ்சு பேசுற. ஆனா வேணாம். இன்னொரு தடவ உன்னைய அந்த எடத்துல நிக்க வைக்க மாட்டேன்."

அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் இலையை மூடி எழுந்தபோது செம்பில் தண்ணீரோடு வெளியே வந்தாள். நான் கை நீட்டினேன். இரண்டு கையும் சுத்தமாகும் வரை நிதானமாக ஊற்றினாள், என் முகத்தைப் பார்க்கவே இல்லை.