கானில் போட்ட சீட்டு

அக்காவின் உள்ளங்கைச் சூட்டைப் பற்றி எழுதப் பல வருடம் தயங்கினேன்; மாரியாத்தாளைக் குறை சொல்கிறாள் என்று பேசுவார்களோ என்ற பயம் ஒன்று, என் குற்றத்தைப் பேரப்பிள்ளைகள் வாசிப்பார்களே என்ற வெட்கம் ஒன்று. தை மாதப் பனியில் தேயிலைத் தளிரே கருகும் எங்கள் தோட்டத்தில், கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் என் கையை அவள் பிடித்தால், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டதுபோல் இருக்கும்.

அக்கா பார்வதிக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குப் பத்து. லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில், அம்மா இல்லாத எங்கள் ஒற்றை அறைக் "காம்பரா"வில் எனக்கு எல்லாம் அவள்தான். அந்த வருடம் அவள் கம்பளியை உதறிவிட்டு வாசலோரம் படுத்தாள், விடியற்காலை மலை ஊற்றிலிருந்து கொட்டும் "பீலி"த் தண்ணீரில் குளித்தும் வேர்த்தாள், மூன்று பேர் ரொட்டியைத் தின்றும் இளைத்தாள். “திங்கிறதெல்லாம் எங்கடி போகுது?” என்று கொழுந்து எடுக்கும் பெண்கள் சீண்டினால், “ஒங்க வீட்டு ரொட்டியையும் குடுங்க, பாத்துச் சொல்றேன்” என்பாள். கண்கள் பிதுங்கின, கங்காணி “ஏய் முழிக்கண்ணி” என்று கூப்பிடுவார். கழுத்தின் முன்புறம் தடித்தது. விரல் நடுங்கிக் கொழுந்து கூடைக்கு வெளியே சிதறியது.

மாரியம்மன் திருவிழா நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, திருநீறு வாங்க நீட்டிய அந்தக் கை நடுங்குவதைப் பூசாரி பார்த்தார். விரல் பட்டதும் அனல். “ஆத்தா எறங்கிட்டா. இந்த வருசம் மொத தீச்சட்டி இந்தப் புள்ளதான்” என்றார். மறுநாள் அதே கங்காணி, “தாயி, எம்மகளுக்கு ஒரு வாக்குச் சொல்லுங்க” என்று கைகட்டி நின்றார். அப்பா நிமிர்ந்து நடந்தார். தங்கச்சி என்பதால் எனக்கும் பூசைப் பழம் முதலில் கிடைத்தது. அக்கா மட்டும் என்னிடம், “நெஞ்சு குதிரையாட்டம் ஓடுதுடி. சாமி வந்தா இப்புடியா பயமா இருக்கும்?” என்று கேட்டாள்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், ஒருநாள் வழியில் அவளை நிறுத்திக் கழுத்தையும் நாடியையும் பார்த்தார். அவள் மலைக்கு வேலைக்குப் போனதும் என்னிடம் ஒரு சீட்டை எழுதிக் கொடுத்தார். “பிள்ளை, இதை அப்பரிட்டக் குடு. நாளைக்கே அக்காவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லு. விரதமும் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம். இதயம் தாங்காது.”

நான் கொடுக்கவில்லை. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனால் தீச்சட்டி வேறு வீட்டுக்குப் போய்விடும், நானும் பழையபடி யாரோ ஒரு பிள்ளையாகிவிடுவேன். சாமியைவிடச் சீட்டுப் பெரிதா என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அதைக் கிழித்துத் தேயிலை நடுவே தண்ணீர் ஓடும் "கான்" ஒன்றில் போட்டேன்.

அக்கா எட்டு நாள் பாலும் பழமுமாக விரதம் இருந்தாள். தப்பு முழங்கத் தீச்சட்டியோடு ஆடி வந்தவள், கோயில் படியில் அதை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஆத்தா அமர்ந்துவிட்டாள் என்று பெண்கள் குலவையிட்டார்கள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். நாடி பறந்தது, தடுமாறியது, பிறகு இல்லை. குலவை மட்டும் நிற்கவில்லை.

சாவு வீட்டுக்கு வந்த டிஸ்பென்சர் ஐயா அந்தச் சீட்டைப் பற்றி அப்பாவிடம் கேட்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

நாற்பது வயதில் எனக்கும் கை நடுங்கியது. உடம்பின் காவலே வழிதவறிக் கழுத்துச் சுரப்பியை ஓயாமல் விரட்டும் நோய் இது, குடும்பத்தில் தொடரலாம் என்று நுவரெலியா டாக்டரம்மா விளக்கி, “ஒங்க வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா?” என்றார். இல்லை என்றேன். அந்தப் பொய்யோடும் மாத்திரையோடும் இத்தனை காலம் விளக்கேற்றிக் கும்பிட்டு வருகிறேன். ஆத்தா இருக்கிறாள், அவளுக்குத் தெரியும்.

அந்த லயம் இப்போது இல்லை, பீலியும் இல்லை, அக்காவுக்கு ஒரு படம்கூட இல்லை. ஆத்தாளோடு கலந்தவள் என்று அவள் உட்கார்ந்த படியில் இன்றும் சூடம் கொளுத்துகிறார்கள். வாசிப்பவர்களே, இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். அழகாக்கவும் வேண்டாம், என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்கவும் வேண்டாம். பார்வதிக்கு நோய் இருந்தது, போக ஆஸ்பத்திரியும் இருந்தது, குறுக்கே நான் நின்றேன்.