அலமாரிக்குள் பூட்டி வைத்த தாள்

போன வருடம் ஒரு மத்தியானம். அலுவிகாரையில் நான் மேற்பார்வையாளராக வேலை பார்க்கும் மசாலாத் தூள் தொழிற்சாலைக்காகத் தம்புள்ளைக்குப் போய் மிளகாய் பார்த்துவிட்டு, பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் போன் வந்தது. பேக்கிங் பகுதிப் பிள்ளை.

"அக்கா, மெஷின் கழுவுற அக்காவோட கண்ணில கேன் மருந்து தெறிச்சிருச்சு. துடிக்கிறாங்க!"

கேன் மருந்து என்றால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் காரத் திரவம். "கழுவினீங்களா?" என்றேன்.

"இல்லக்கா. அதுல தண்ணி படக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கேனுக்குள் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கும் என்பதற்காகச் சொன்னது அது. கண்ணில் பட்டால் என்ன செய்வது? சத்தியமாக எனக்கே தெரியாது. தெரியாமல் தண்ணீர் ஊற்றச் சொல்லவும் பயம். மருந்தோடு வந்த பாதுகாப்புத் தாளில் எல்லாம் இருந்தது. அதை நான் பிளாஸ்டிக் உறை போட்டு, ஃபைலில் கோத்து, யாருடைய மஞ்சள் தூள் கையும் படாமல் இருக்கக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். சோதனைக்கு வருகிறவர்கள் என் ஃபைலைப் பாராட்டிவிட்டுப் போவார்கள், எனக்கும் பெருமை தாங்காது. சாவி என் கைப்பையில் இருந்தது.

"கண்ணாடிய உடைங்க!"

"முதலாளி ஐயா ஏசுவாருக்கா..."

"நான் பார்த்துக்கிறேன், உடை!"

கண்ணாடி நொறுங்கும் சத்தம் போனில் கேட்டது. அதற்குப் பின்னால் அந்த அக்காவின் அலறலும் கேட்டது. தாள் ஆங்கிலத்தில் இருந்தது, அங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை, படம் பிடித்து அனுப்பினார்கள். சிக்னல் இல்லாமல் அது திறக்கவே இல்லை. முன்னால் மரக்கறி லொறி ஊர்ந்துகொண்டிருந்தது. அவருக்குப் பார்வை போய்விட்டால் நான்தான் காரணம் என்ற ஒரே நினைப்பில் அந்தப் படத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

படம் ஒருவழியாகத் திறந்தது. உடனே ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், கால் மணி நேரமாவது நிறுத்தக் கூடாது.

"குழாயைத் திறந்து கண்ணில தண்ணி விடுங்க! கால் மணி நேரம் நிறுத்தாதீங்க! அதுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பார்வை போயிருக்கும் என்றார் டாக்டர். அந்த அக்கா என்னை ஒரு வார்த்தைகூட ஏசவில்லை. ஏசியிருக்கலாம். வெயிலில் போனால் அந்தக் கண்ணில் இன்னும் நீர் வடிகிறது.

இப்போது அந்தத் தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, குழாய்க்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன். எல்லாரும் தொட்டுத் தொட்டு வாசித்து அது மஞ்சளாகிக் கிடக்கிறது. அது கிழிந்து புதிதாய் ஒன்றை மாட்டும்போது, அதில் முதல் மஞ்சள் விரல் பதியும்வரை எனக்குப் பயம் போவதில்லை.