உங்க பிரியா, எங்க பிரியா?

பிராட்வேயில் கடையை அடைத்து, போட் ஏறி மட்டாஞ்சேரி வந்தால் உட்காரக்கூடத் தெம்பிருக்காது. அத்தாவின் இருமல் மருந்து மூடி வேறு கோணலாக ஏறியிருந்தது. அழுத்தித் திருகினேன். கிறீச்சென்றது, அத்தாவின் பழைய கடைசல் எந்திரம் மாதிரி.

அத்தர் குப்பிகளுக்கு மரமூடி கடைந்தவர் அவர். துளை போட்டு, உள்ளே மரை வெட்டுவார். ஈட்டி மரத்தூள் எங்கள் சோற்றிலும் கிடக்கும். அடுப்படியில் உட்கார்ந்து மூடிகளைக் குப்பியில் திருகிப் பார்ப்பது அம்மாவின் வேலை. அம்மா கடையநல்லூர்க்காரி.

கல்யாணமான புதுசில் அத்தா, "பிரி பாரு" என்றாராம். மரைக்கு மலையாளத்தில் பிரி என்று பெயர். அம்மாவோ பிரிக்கச் சொல்கிறார் என்று, இறுக்கி வைத்த மூடிகளையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டாள். அதன்பிறகு அவர் பிரி என்றாலே தலைதூக்காமல் கேட்பாள்: "உங்க பிரியா, எங்க பிரியா?"

"எங்க பிரிதான்" என்பார் அத்தா, ஒவ்வொரு தடவையும்.

அம்மா போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. மூடி இன்னும் திறக்கவில்லை.

"பிரி போயிருக்கும்," என்றார் அத்தா, படுத்தபடியே.

அசதியில் என் வாய் தானாகக் கேட்டுவிட்டது: "உங்க பிரியா, எங்க பிரியா?"

அத்தா என்னைப் பார்க்கவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி, "எங்க பிரிதான்" என்றார்.