பாலக்காரி வரைந்த பேராலயம்

தீனெக்கேயை ஊரில் தெரியாதவர் இல்லை. பேராலயத்துக்கு எதிரே கால்வாயில் படகு வந்தால் பாலத்தைத் தூக்குவதும் இறக்குவதும்தான் அவள் உத்தியோகம். சைக்கிளில் வந்து மாட்டிக்கொண்டவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அதிகம் திட்டியது கூடப் பிறந்த அக்கா வில்லமீன்தான்.

ஓய்வு பெற்றதும் தூரிகையைப் பிடித்தாள். பேராலயத்தையும் கால்வாயையும் தவிர வேறெதையும் வரையவில்லை. இருந்ததிலேயே நல்ல படத்தை அக்காவின் பிறந்தநாளுக்குக் கொடுத்தாள். அதன் மூலையில் பொடியாக ஓர் உருவம் உண்டு. அக்கா தானாக அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று தீனெக்கேவுக்குக் கொள்ளை ஆசை. அக்காவோ, "கோபுரம் சாஞ்சிருக்கே" என்றதோடு சரி. போதாக்குறைக்கு, தங்கையின் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்துகூடச் சொல்லவில்லை.

அக்காவின் அடுத்த பிறந்தநாள் வந்தது. ரோஷத்தை விழுங்கிக்கொண்டு தீனெக்கே போனாள். வட்டமாகப் போட்ட நாற்காலிகளைச் சுற்றிவந்து, அந்த ஊர் வழக்கப்படி அத்தானுக்கும் பக்கத்து வீட்டாருக்கும்கூடக் கைகொடுத்து வாழ்த்தினாள். கண் மட்டும் சுவரிலேயே இருந்தது. எந்தச் சுவரிலும் படம் இல்லை. ஆளுக்கு ஒரு துண்டு என்று கொடுத்த ஆப்பிள் கேக்கை ருசி பார்க்காமலே தின்று முடித்தாள்.

கழிவறைக்குப் போய் உட்கார்ந்தாள். எதிரே, எல்லார் வீட்டிலும் உறவுக்காரர் பிறந்தநாள் எழுதிய காலண்டர் தொங்குகிற இடத்தில், அவளுடைய பேராலயம்!

புயலாக வெளியே வந்தாள். "கக்கூஸ்லயா மாட்டி வெச்ச? அதுக்கு அந்தக் கால்வாயிலயே வீசியிருக்கலாமே!"

"கத்தாதடி. கூடத்துல மாட்டினா எவன் பாக்குறான்? எல்லாருக்கும் கண்ணு கேக் மேல. அங்கதான் உக்காந்து நிதானமா பாக்குறாங்க."

"ஜன்னலையெல்லாம் நான் எண்ணியே முடிச்சிட்டேன்" என்றார் அத்தான்.

"அதான் உள்ள போனா வெளிய வர்றதில்ல!" என்றாள் அக்கா.

வட்டமே சிரித்தது. தீனெக்கே மட்டும் உம்மென்று நின்றாள். அக்கா அவளை ஓரமாக இழுத்தாள்.

"படத்துக்கு இடம் வேணும்னு காலண்டரைக் கழட்டினேன். அதுல உன் பிறந்தநாளே மறந்து போச்சு. தப்புதான். அது கெடக்கட்டும், பாலம் தூக்கியிருக்கு, இந்தப் பக்கம் செவப்புக் கோட்டுல ஒருத்தி சைக்கிளோட முறைச்சுக்கிட்டு நிக்கிறாளே. நான்தானே அது?"

"ஆமாக்கா."

"தெனம் காலையில அவளைத்தான் பாக்குறேன். படத்துலயாவது அந்தப் பாலத்தை எப்பதான்டி எறக்குவ?"

தீனெக்கேவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. யாரும் எடுத்துக்கொள்ளச் சொல்லாமலே இரண்டாவது துண்டு கேக்கை எடுத்துக்கொண்டாள். அந்த ஊரில் ஒருத்தரும் அப்படிச் செய்யமாட்டார்கள். அக்கா பார்த்தாள், கேக் தட்டை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.