யார் கையிலும் இல்லாத வண்டி

எந்தக் கூட்டத்திலும் "ஆனா..." என்று இழுப்பவள் என்பதால், ரயில் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு "ஆனா அக்கா" என்றே பெயர். வீட்டிலும் அப்படித்தான். கேஸை மூடினோமா என்று மாடிப்படி இறங்கியவள் மறுபடி ஏறுவாள்.

அன்று காலை ஓட்டுநரான அவள் கணவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சிரித்தான்.

"இன்னைக்கு நான் கையைக் கட்டிக்கிட்டு உட்காரணுமாம். உன் கம்ப்யூட்டரே ஓட்டுமாம்."

"பயமா இருக்காங்க?"

"உன்னைவிடவா அது பயமுறுத்திடும்?"

பக்கத்து ரயில்வேயின் கணினி ஓட்டிவரும் வண்டியை, ஆற்றுப் பாலத்தில் இவர்களுடைய கணினி வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கான வெள்ளோட்டம். அந்தக் கைமாற்றத்தை வடிவமைத்தவள் அவள்தான்.

கட்டுப்பாட்டு அறைத் திரையில், அவன் இருந்த வண்டி பாலத்தில் ஏறியது. பக்கத்து ரயில்வேயிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் நிம்மதியாகச் சாய்ந்தார்.

"நாங்க விட்டாச்சும்மா. இனி உங்க பாடு."

"விட்டுட்டீங்களா? நாங்க வாங்குற வரைக்கும் நீங்கதானே சார் பிடிச்சிருக்கணும்?"

"பாலம் வந்தா விட்டுடுவோமே! அப்பவே நீங்க வாங்கியிருப்பீங்கன்னு..."

அவள் திரையைப் பார்த்தாள். இவர்கள் கணினி வண்டியை இன்னும் வாங்கவில்லை. யார் எப்போது விடுவது என்று பேசி முடித்த கூட்டத்தில்தான், கேலிக்கு அஞ்சி, முதன்முறையாக அவள் "ஆனா" சொல்லவில்லை. பாலத்துக்கு அப்பால், அதே தண்டவாளத்தில், ஒரு சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது.

சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள். திரையில் எல்லா வண்டிகளும் நின்றன, அந்த ஒன்றைத் தவிர. அது இன்னும் இவர்கள் கணினியின் வண்டியே இல்லையே!

வயர்லெஸ்ஸை எட்டி எடுத்தாள். மேலதிகாரி அவள் கையைப் பிடித்தார்.

"ஓட்டுநர்கிட்ட பேசக் கூடாதும்மா! சோதனை கெட்டுடும்!"

"விடுங்க சார்! உள்ள இருக்கிறது என் புருஷன்!"

உதறினாள். முறைப்படி சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

"என்னங்க! பிரேக்! பிரேக் போடுங்க!"

கருவி கரகரத்தது. திரையில் அந்தப் புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது. தெய்வமே, என் தாலியை நானே அறுத்துக்கொண்டேனா? அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நின்னாச்சு." வயர்லெஸ்ஸில் அவன் குரல். "எதிர்ல சரக்கு வண்டி. அதோட சிவப்பு விளக்கு என் முகத்துல அடிக்குது." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான். "ஏண்டி, டூட்டியில 'என்னங்க'ன்னு கூப்பிட்டா மெமோ தருவாங்களே?"

அறையில் யாரோ சிரித்தார்கள். அவளால் முடியவில்லை. நாற்காலியில் சரிந்தவளின் விரல்களை அந்த வயர்லெஸ்ஸிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.