சிட்டு வாயில் வராத மாமா

பகலில் மெத்தைக் கடையில் விற்பனையாளர். விழா என்று யாராவது அழைத்தால், சிட்டு என்ற மரப்பொம்மையை மடியில் உட்காரவைத்து, தன் உதடு அசையாமல் அதைப் பேசவைக்கும் பொம்மைக்காரர்.

உதட்டைப் பூட்டிவிட்டால் நாக்குதான் துணை. க, ட, த, ந, ல எல்லாவற்றையும் அது உள்ளுக்குள்ளேயே முடித்துவிடும். ப, ம இரண்டும்தான் தொல்லை; உதடும் உதடும் ஒட்டினால்தான் பிறக்கும். ஆகவே சிட்டுக்கு அக்கா உண்டு, அண்ணா உண்டு, தாத்தா உண்டு. அம்மா, அப்பா, மாமா கிடையாது. கிட்டத்தட்ட அநாதை.

அவருடைய சொந்தக் கல்யாண வரவேற்பிலேயே வினை வந்தது. மாமனாரை மேடைக்கு அழைத்த சிட்டு, “தாத்தா, இங்க நில்லுங்க” என்றது. அன்று காலைதான் தலைக்குச் சாயம் பூசியிருந்தார் மனிதர். அதன்பின் மருமகனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மகள் வழியாகவே சொன்னார்.

மாமனாருக்குப் பணி ஓய்வு விழா வந்தது.

“இந்தத் தடவையாவது எங்கப்பாவை மாமான்னு கூப்பிடச் சொல்லுங்க” என்றாள் மனைவி. “இல்லன்னா பொம்மையும் நீங்களும் கடையிலயே படுத்துக்கலாம். மெத்தைக்கா பஞ்சம்?”

குளியலறைக் கண்ணாடி முன் நின்று பழகினார். “மா”, “நா” இரண்டு எழுத்தும் மூச்சை மூக்கு வழியே விடுபவைதான். வாயை அடைக்கும் இடம்தான் வேறு. உதட்டுக்குப் பதிலாக நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டிச் சொன்னால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

மனைவி கதவைத் தட்டினாள். “உள்ள யார்கிட்ட பேசறீங்க?”

“மாமாகிட்ட.”

விழா மண்டபம் நிறைய மாமனாரின் அலுவலகத்தார்.

“சிட்டு, இன்னைக்கு யாருக்கு விழா?”

“நானா.”

சபை சிரித்தது.

“உனக்கில்ல. முன்வரிசையில இருக்காரே, அவர் யாரு?”

“நானா.”

மாமனார் எழுந்துவிட்டார். “நீ இல்லப்பா, நான்.”

“நானா.”

“ஆமா, நான்தான்.”

மண்டபம் குலுங்கியது. மாமனாரின் முகம் மட்டும் சிரிப்பதா முறைப்பதா என்று தடுமாறியது. பொம்மைக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. தொழிலாவது மண்ணாவது என்று இரண்டு உதட்டையும் பளிச்சென்று ஒட்டித் திறந்தார். சிட்டின் தாடையும் அசைந்தது.

“மாமா.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மாமனார் மேடையேறி சிட்டின் மரக்கையைக் குலுக்கினார். பிறகு மருமகன் காதருகே குனிந்தார்.

“உதடு அசைஞ்சுது மாப்பிள்ளை.”

“தெரியும் மாமா.”

“பரவால்ல. எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க.”