நின்றபடி பார்ப்பவர்

"போடுங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நான் சாவியைத் திருப்புவேன். எஞ்சின் ஓடும். அவர் கைகள் பின்னால் கோத்திருக்கும். பார்வை எதிர்ச்சுவரில், பழைய நாள்காட்டிக்கும் அதன் பக்கத்து விரிசலுக்கும் நடுவே நிலைத்திருக்கும். "வண்டி மூஞ்சியப் பாத்துக்கிட்டே கேட்டா இரக்கம் வந்துரும் சார். நோய் தெரியாது" என்று ஒருமுறை காரணம் சொன்னார். அரை நிமிடம் ஆனதும் திரும்பாமலே ஒரு விரலை உயர்த்துவார். எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அடுத்து வருவது தீர்ப்பு. "மூணாவது பிளக்." "தண்ணி பம்ப்பு." "ஒண்ணுமில்ல, ஓட்டறவரு சரியில்ல."

தெருவில் அவருக்கு ஜட்ஜ் என்று பெயர். வைத்தவர், அவர் பட்டறையின் மூலையில் மேசை போட்டு வயரிங் வேலை பார்ப்பவர். யாராவது வண்டியோடு உள்ளே நுழைந்தால் வயரிங்காரர் தலை நிமிராமல், "கோர்ட்டு கூடியாச்சு, எல்லாரும் எந்திரிங்க" என்பார். ஜட்ஜ் இதற்குச் சிரித்து நான் பார்த்ததில்லை. கோபித்தும் பார்த்ததில்லை. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று அவரும் நினைத்திருக்கலாம்.

ஆறடிக்கு மேல் உயரம். உலர்ந்த உடம்பு. சட்டைப் பையில் பேனா அளவு டார்ச். அவரிடம் எல்லோரும் கவனிக்கும் ஒன்று, அவர் குனிவதில்லை. தரையில் உட்காரவும் மாட்டார். கீழே செய்ய வேண்டியதை நீளமான பிடிகள் கொண்ட ஸ்பேனர்களால் மேலிருந்தே செய்துவிடுவார். எட்டாவிட்டால் வண்டியை இன்னும் உயரத் தூக்கிக்கொள்வார். முழங்காலில் கோளாறா என்று கேட்டேன். "எஞ்சினுக்கு முன்னால மண்டி போடறவன் பக்தன் சார். மெக்கானிக் இல்ல."

ஏழு ஆண்டுகளாக என் காரை அவரிடம்தான் விடுகிறேன். பிடித்துப்போய் அல்ல. அவர் சொன்னது தவறியதாக எனக்கு நினைவில்லை, அதனால்தான். தவறாத மனிதரிடம் நமக்கு மரியாதை சீக்கிரம் வந்துவிடுகிறது. மற்றது வருவதில்லை.

பட்டறையின் பின்பக்கத்துச் சிறிய அறையில், உதிரிபாகங்கள் அடுக்கிய இரும்புத் தட்டுகளுக்கு நடுவே அவர் மனைவி உட்கார்ந்திருப்பார். பெட்டியைத் திறக்காமல் எடையை வைத்தே உள்ளே இருப்பது என்னவென்று சொல்லக்கூடியவர். பேரிங்கைக் காதோரம் சுழற்றி நல்லதா கெட்டதா என்று பிரித்துவிடுவார். "யார்கிட்டம்மா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டதற்கு, "என் தம்பிகிட்ட" என்றார். சொல்லும்போது கணவர் நிற்கும் பக்கம் பார்க்கவில்லை.

அந்தத் தம்பியின் கதையை ஜட்ஜ் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சொல்லியிருக்கிறார். டைமிங் பெல்ட் மாற்ற யார் வந்தாலும் கதை தொடங்கிவிடும். எஞ்சினின் மேற்பகுதியில் வால்வுகள் திறந்து மூடுவதையும் கீழே பிஸ்டன்கள் ஏறி இறங்குவதையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது அந்தப் பல் வைத்த ரப்பர்ப் பட்டைதான். அது தளர்ந்து பல் தாண்டினால் தாளம் கெடும். நிறையப் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று இடித்து நொறுக்கிக்கொள்ளும். "எட்டு வருஷம் முன்னாடி என் மச்சினன் ஒரு வேனுக்கு பெல்ட் பூட்டினான். டென்ஷனர ஒழுங்கா இறுக்கல. இருபதே நாள். பதினாறு வால்வும் வளஞ்சுபோச்சு. அன்னிக்கே அவன வெளிய அனுப்பிட்டேன். சொந்தம் வேற, தொழில் வேற." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது டார்ச்சை ஒருமுறை அணைத்து ஏற்றுவார்.

இதே கதையை அவர் மனைவி ஒருமுறை, அவர் ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், வேறு மாதிரி சொன்னார். "பூட்டினது தம்பிதான் சார். கடைசியா பாத்து 'சரி'ன்னு சொன்னது இவரு. டென்ஷனர் முள்ளு சரியா நிக்கல, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க மாமான்னு அவன் சொன்னானாம். யாரு குனியறது?" அக்காவின் பாசம் என்று எடுத்துக்கொண்டு நான் தலையாட்டி வைத்தேன். அந்தத் தம்பி இப்போது நகரத்தின் மறுகோடியில், சாலையோரம் பஞ்சர் ஒட்டுகிறார். எஞ்சினைத் திறந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற மாதம் என் கார் மேடு ஏறத் திணறியது. சும்மா நிற்கும்போதும் காய்ச்சல்காரனைப் போல நடுங்கியது. கொண்டுபோனேன். முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார். அரை நிமிடம் போய், ஒரு நிமிடமும் போயிற்று. விரல் உயரவில்லை. கடைசியில் "பிளக்கா இருக்கும்" என்றார். 'இருக்கும்' என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

பிளக் மாற்றினார். நடுக்கம் போகவில்லை. பெட்ரோல் வடிகட்டியைப் பார்த்தார். அதிலும் குறையில்லை. வயரிங்காரர் தம் சோதனைக் கருவியைக் கொண்டுவந்து செருகி, திரையைப் படித்தார். "ஜட்ஜ், மேலயும் கீழயும் ஒத்துப் போகலன்னு சொல்லுது. பெல்ட்ட பாக்கறீங்களா?"

"நாலு மாசம் முன்னாடி நானே பூட்டின பெல்ட்டு அது."

"அதுக்கு அது தெரியாதுல்ல ஜட்ஜ்."

"ஒன் டப்பாவ எடுத்துட்டுப் போய் லைட்டு மாட்டற வேலயப் பாரு."

அந்த நேரத்தில் அவர் மனைவி உள்ளறையிலிருந்து வெளியே வந்து நின்றார். கையில் வேலை எதுவும் இல்லை. ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. "ஏங்க, சாயங்காலம் தம்பி வர்றான். அங்க ரோட்ட அகலப்படுத்தறாங்களாம், கடைய எடுக்கச் சொல்லிட்டாங்க. இங்கயே ஏதாவது வேல பாக்கறேங்கறான். நட்டு கழட்டற வேலன்னாலும் சரியாம். என்ன சொல்லட்டும்?"

"பெல்ட்டு பூட்டக் கத்துக்கிட்டு வரச் சொல்லு."

"அவன் வீட்டுல மூணு ஜீவன் இருக்கு."

"வேன்லயும் ஒன்பது பேரு இருந்தாங்க."

அந்த அம்மாள் உள்ளே போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார்.

ஜட்ஜ் நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் அளந்தார். நான்கிலும் குறைவு, ஏறக்குறைய ஒரே அளவில். ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்த ஒன்றின் கோளாறு. எல்லாவற்றிலும் ஒன்றுபோலக் குறைந்தால் காரணம் ஒன்றுதான் என்று எனக்கு எப்போதோ விளக்கியவரே அவர்தான். அளவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பிறகு வலது முன்சக்கரத்தைக் கழற்றி, பெல்ட்டின் மூடியை எடுத்தார்.

கீழ்ப் புல்லியின் அடையாளத்தைப் பூஜ்யக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். மேலே, பெல்ட் சுற்றும் பெரிய புல்லியில் இருந்த கோடு, தான் நிற்க வேண்டிய இடத்துக்கு வரவில்லை. திருப்புளி நுனியால் பற்களை எண்ணினார். ஒன்று, இரண்டு. மறுபடி எண்ணினார். "ரெண்டு பல்லு" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

டார்ச்சை ஏற்றி மேலிருந்து டென்ஷனரைப் பார்த்தார். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் அந்த உருளையில் ஒரு சின்ன முள் இருக்கிறது. முள் ஒரு வெட்டுக்கு நேராக நின்றால் இறுக்கம் சரி. தள்ளி நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். "முள்ளு வெட்டுக்குள்ளதான் இருக்கு. நான் வச்ச எடத்துலயே" என்றார். குரலில் பழைய உறுதி திரும்பியிருந்தது.

நான் கழற்றிய சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணுக்கு நேரே, சக்கரம் இருந்த பள்ளத்தின் வழியாக, அந்த முள் தெரிந்தது. சாமர்த்தியத்துக்காகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னேன். "இங்கேயிருந்து பாத்தா வெளிய இருக்கே."

"எங்க வெளிய?"

"வெட்டத் தாண்டி, இந்தப் பக்கம். நெல்லு மணி அளவு."

அவர் என்னைப் பார்த்தார். என் தலை இருந்த உயரத்தைப் பார்த்தார். அப்புறம் தம் உயரத்தையும் ஒரு கணம் கணக்கிட்டவர்போல நின்றார். வயரிங்காரரின் மேசையிலிருந்து வந்துகொண்டிருந்த சீழ்க்கை நின்றுவிட்டது.

ஜட்ஜ் மண்டி போட்டார். முதலில் ஒரு முழங்கால், காரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மற்றது. எலும்பு சொடுக்கியது கேட்டது. டார்ச் ஒளி முள்ளின் மேல் விழுந்து அங்கேயே நின்றது. மேலிருந்து சாய்வாகப் பார்த்தவருக்கு வெட்டுக்குள் நின்ற முள், நேராகப் பார்க்கும்போது வெளியே நின்றது. அது கெட்டுப்போகவில்லை, நகரவுமில்லை. நான்கு மாதத்துக்கு முன் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. இந்த நான்கு மாதத்தில் அந்த மூடியை வேறு யாரும் திறக்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. இந்தக் காரைப் பற்றி மட்டும் யோசிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. எட்டு ஆண்டுகளாக எத்தனை முறை அந்த வேனின் கதையைச் சொன்னாரோ, அத்தனை முறையும் இப்போது அவர் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். மனிதர் தம்மைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்வது பெரிய காரியம் என்று படித்து நம்பியிருந்தேன். தெரிந்துகொண்ட ஒருவரை இரண்டடி தூரத்தில் பார்த்தபோது அது அப்படித் தெரியவில்லை. வேர்வை வழிந்த ஒரு கழுத்துதான் தெரிந்தது.

"என்னாச்சுங்க?" என்று கதவருகிலிருந்து அவர் மனைவி கேட்டார்.

ஜட்ஜ் எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "டென்ஷனர் போயிடுச்சு. சரக்கு மட்டம். புதுசு ஒண்ணு எடு. பெல்ட்டும் எடு."

"அதுவே புதுசுதானே போட்டோம்?"

"போயிடுச்சுன்னு சொல்றேன்ல."

அந்த அம்மாள் இரண்டையும் எடுத்து வந்தார். ஜட்ஜ் செய்த மற்ற வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய பெல்ட்டை உருவி, மேல் புல்லியை இரண்டு பல் நகர்த்திக் கோட்டுக்குக் கொண்டுவந்து, புது பெல்ட்டைத் தளர்ச்சி முழுவதும் டென்ஷனர் பக்கம் வருமாறு பூட்டினார். முள்ளை வைக்கும்போது மறுபடி மண்டி போட்டார், யாரும் சொல்லாமல். எஞ்சினை ஸ்பேனரால் இரண்டு சுற்று கையாலேயே சுற்றி, அடையாளங்கள் பழைய இடத்துக்கே வருவதைப் பார்த்தார். பிறகு என்னைச் சாவி போடச் சொன்னார். நடுக்கம் இல்லை. "வால்வு பொழச்சுது. உங்க நல்ல நேரம்" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, ஹெட்லைட்டும் கொஞ்சம் மங்கலா இருக்கு என்றேன். இதை எழுதும்போது எனக்கு நன்றாக இல்லை.

கழற்றிய டென்ஷனரை அவர் பழைய இரும்பு போடும் டிரம்முக்குள் எறிந்தார். அவர் மனைவி கதவு நிலையை விட்டு வந்து, டிரம்முக்குள் கைவிட்டு அதை எடுத்தார். துணியால் துடைத்துக் காதோரம் வைத்து, உருளையை ஒரு விரலால் தட்டிவிட்டார். சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுழன்றது. முள்ளைக் கட்டைவிரலால் தள்ளினார். ஸ்பிரிங் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. மறுபடி தள்ளினார். மறுபடி வந்தது.

"ஏங்க, இதுல என்ன கெட்டுப்போச்சு? இது நல்லாத்தானே..."

ஜட்ஜ் சுவரோரம் போய்க் காற்றடிக்கும் கம்ப்ரெசரின் சுவிட்சைத் தட்டினார். தகரக்கூரை அதிர அது ஓடத் தொடங்கியது. காற்றடிக்க வேண்டிய டயர் எதுவும் பட்டறையில் இல்லை. டென்ஷனரை உள்ளங்கையில் ஏந்தி நீட்டியபடி அந்த அம்மாள் அவரருகே போய்ப் பேசிக்கொண்டே இருந்தார். அவர் ஒரு கையைக் காதுக்குக் குவித்து வைத்து, கேட்கவில்லை என்று தலையை அசைத்தார்.